ஒன்றரைச் சாண் வால்

ஒரு சட்டையைப் பார்த்தால் இந்தத் தையல்காரியின் கண்ணில் முதலில் படுவது தொங்கும் நூல்தான். பதினோரு வருடம் சட்டைக் கம்பெனியில் பிசிறு வெட்டிய கை அது. கம்பெனியை மூடிய பிறகும் அடங்கவில்லை. பேருந்தில் முன் இருக்கைக்காரரின் காலர் நூலைப் பிய்த்துவிட்டு அசடு வழிந்திருக்கிறாள். வீட்டில் அவளுக்குப் ‘பிசிறு’ என்றே பெயர். வைத்தது அண்ணி.

அந்த அண்ணியோடுதான் இப்போது ஐந்து மாடிப் பயிற்சிக் கோபுரத்தின் உச்சியில் நின்றாள். உயரமான கட்டடங்களில் கண்ணாடி துடைக்க ஆள் எடுக்கிறார்கள். ஜோடியாகத்தான் எடுப்பார்கள். இன்று இருவரும் கயிற்றில் இறங்கிக் காட்டினால் பெயர் பட்டியலில் ஏறும். விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

முதலில் அண்ணியின் முறை. இறங்குகிறவரைச் சோதிப்பது கூட்டாளியின் வேலை. கண்ணால் பார்த்தால் போதாது, தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பிசிறு தொட்டாள். தலைக்கவசத்தின் வார் தாடைக்குக் கீழே இறுக்கமாக இருந்தது. இடுப்புப் பட்டையின் கொளுவி பூட்டியிருந்தது. கொக்கியின் திருகைத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை. இறங்கும் வளையத்தில் முடி சிக்கினால் அந்தரத்தில் தவிக்க வேண்டியதுதான் என்பதால், அண்ணியின் பின்னலைச் சட்டைக்குள் செருகினாள். கையுறை, காவலுக்கு இரண்டாவது கயிறு, எல்லாம் சரி.

கடைசி ஒன்றை மட்டும் தொட முடியாது. கீழே தொங்கவிட்ட கயிற்றின் முனையில் ஒரு முடிச்சு இருக்கும். கயிறு தீர்ந்துபோனால் ஆள் நழுவி விழாமல் தடுப்பது அதுதான். முடிச்சைத் தாண்டி ஒன்றரைச் சாண் வால் விட வேண்டும்; இல்லையென்றால் இழுபட்டு அவிழ்ந்துவிடும். போட்டவரே வாய்விட்டு “முனை சரி” என்று சொல்ல வேண்டும். போட்டவள் பிசிறு.

வாயைத் திறந்தபோதுதான் கை ஞாபகப்படுத்தியது. முடிச்சுக்கு வெளியே தொங்கிய வால் அவள் கண்ணுக்குப் பிசிறாகத் தெரிந்திருக்கிறது. அழகாக உள்ளே இழுத்து, இரண்டு விரல் நீளம் மட்டும் விட்டிருக்கிறாள்.

சொன்னால் கயிற்றை மேலே இழுக்க வேண்டும். முறை கடைசிக்குப் போய்விடும். மூலையில் காற்றுக்கொடி ஏற்கெனவே படபடத்தது. அது நிமிர்ந்துவிட்டால் யாரையும் இறக்க மாட்டார்கள். இரண்டாவது கயிறுதான் இருக்கிறதே என்று மனம் வக்காலத்து வாங்கியது.

விளிம்பில் முதுகைக் காட்டி நின்ற அண்ணி, “என்னடி, நாக்கை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?” என்றாள்.

“இறங்காதீங்க அண்ணி. முனையில வாலே விடல. அசிங்கமா தொங்குதுன்னு உள்ள இழுத்துட்டேன்.”

அண்ணி விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே வந்தாள். நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கயிற்றை இழுக்க ஆரம்பித்தாள். பாதி இழுத்த பிறகுதான் வாய் திறந்தது. கல்யாணமான நாளிலிருந்து தன் புடவை ஓரத்தை இவள் பிய்த்த கதையெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது.

இருவரையும்விட வயதில் சின்னவளான பயிற்சியாளர், சளி பிடித்த மூக்கை உறிஞ்சியபடி புது முடிச்சைச் சாண் போட்டு அளந்தாள். அவர்கள் முறை வருவதற்குள் கொடி நிமிர்ந்துவிட்டது. பிசிறு தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பயிற்சியாளர் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள். “காலைல எட்டு மணிக்குக் காத்து இருக்காது. வந்து இறங்குங்க. அதுக்கப்புறம் இதை அனுப்பிக்கறேன்” என்றாள். ஆபீஸில் திட்ட மாட்டார்களா என்று அண்ணி கேட்டதற்கு, திட்டட்டும் என்று மறுபடி மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் கொடி துவண்டு கிடந்தது. அண்ணி முதலில் இறங்கினாள். வழிநெடுக யாரையோ வைதுகொண்டே போனாள். அடுத்துப் பிசிறு. நான்காவது மாடி வரை கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். மூன்றாவது மாடியில் கயிறு தன் பேச்சைக் கேட்கிறது என்று தெரிந்தது. கீழே கால் ஊன்றியபோது முடிச்சு காலடியில் கிடந்தது, ஒன்றரைச் சாண் வாலை நீட்டிக்கொண்டு.

அவள் கை தன்னையறியாமல் கத்தரியைத் தேடிப் பைக்குள் போனது.

“காலைலயே எடுத்துட்டேன்” என்றாள் அண்ணி.