குறிப்பு எண் இருபத்து மூன்று

1

“எனக்கு ஒரு கம்பெனியோட நிதியறிக்கை வேணும். படிப்புக்காக இல்ல.”

இரண்டாவது வாக்கியத்தை மட்டும் சொல்லவே கூடாது என்று அவளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். பல்கலைக்கழக நூலகத்தின் தரவுத்தளங்களில் எப்படித் தேடுவது என்று முதலாண்டில் வகுப்பெடுத்த மேடம்தான் சொன்னது: “எதுக்குன்னு கேட்டா ஆராய்ச்சின்னு சொல்லுங்க. சொந்த வேலைன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க.” இப்போது அதே மேடத்தின் மேசை முன்னால் நின்றுதான் வாயைத் திறந்தாள்.

இந்தக் கதை அந்த வாக்கியத்திலிருந்துதான் பிறந்தது. அதற்கு முன் இரண்டு தொடக்கங்கள் எழுதினேன். ‘நூலகத்தின் அமைதியில் மின்விசிறி மட்டும்’ என்று ஒன்று. அடித்துவிட்டேன். மின்விசிறியில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன். ‘குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான், ஆகவே’ என்று இன்னொன்று. அந்த ஆகவேக்குப் பிறகு எதை எழுதினாலும் பொய்யாக இருந்தது. பட்டம் வாங்கினால் என்ன ஆகும்? வீட்டுக்கு வரும் காகிதத்தையெல்லாம் படித்துச் சொல்லும் வேலை தலையில் விழும். அவ்வளவுதான்.

2

விழுந்த காகிதம் இது. அவள் அம்மா பதினாறு வருடமாக அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறாள். கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறதாம், மூடப்போகிறார்களாம். ‘என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று நாளை காலைக்குள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுவிட்டால் பிறகு ஒரு கேள்வியும் கேட்க முடியாது.

“நெஜமாவே நஷ்டம்னா போட்டுட்டுப் போறேன்டி. ஆனா நஷ்டம்னு எங்க எழுதியிருக்கு? நீதான் கம்பெனி கணக்கெல்லாம் படிச்சியே, பார்த்துச் சொல்லு.”

“நான் படிச்சது வணிகவியல்மா. ஜோசியம் இல்ல.”

“ஜோசியக்காரன் உடனே சொல்லிடுவான். உனக்கு மூணு வருஷம் ஆச்சே.”

3

மேடத்தை முதல் வரைவில் கெட்டவராக எழுதியிருந்தேன். (கோபத்தில் எழுதும்போது கெட்டவர்கள் மலிவாகக் கிடைக்கிறார்கள்.) ஆனால் போன வருடம் ஒரு மாணவன் ஒரே நாளில் எண்ணூறு அறிக்கைகளை இறக்கி வெளியே கொடுத்தான். தரவுத்தளக்காரர்கள் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் மூன்று வாரம் இணைப்பைத் துண்டித்தார்கள். விளக்கம் கேட்டு வந்த கடிதம் மேடம் பெயருக்குத்தான் வந்தது. அவருடைய வேலையோ வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. இதெல்லாம் தெரிந்த பிறகு எப்படி அவரைக் கெட்டவராக எழுதுவது?

“உன் லைப்ரரி கணக்கு காலாவதி ஆயிடுச்சும்மா. படிச்சு முடிச்சவங்களுக்குக் கிடையாது.”

“அப்ப படிச்சதை வச்சு என்ன பண்றது?”

“என்கிட்ட ஏன் சண்டைக்கு வர்ற?”

“எதிர்ல நீங்கதானே உட்கார்ந்திருக்கீங்க.”

மேடம் சிரிக்கவில்லை என்று எழுதி, அதையும் அடித்தேன். சிரித்தார். கொஞ்சம்.

“நேர்ல வந்தவங்க இங்கயே உட்கார்ந்து பார்க்கலாம், அதுக்கு விதி இருக்கு. என் லாகின்ல திறந்து விடறேன். ஆனா ஒரு பக்கம்கூட வெளிய போகக் கூடாது. சரியா?”

அவள் தலையாட்டினாள். சரி என்று சொல்லவில்லை.

4

கம்பெனியின் பெயரை அடித்தாள். முடிவுகள்: பூஜ்யம். மாநிலம், தொழில், ஆண்டு என்று எல்லா வடிகட்டியையும் மாற்றிப் பார்த்தாள். பூஜ்யம். இரண்டு மணி நேரம் அந்தப் பூஜ்யத்தையே முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“அந்தப் பேர்ல கம்பெனியே இல்லம்மா.”

“அப்ப நான் தெனமும் எங்கடி போயிட்டு வர்றேன்?”

அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கும் சத்தம். அம்மா குரலைத் தாழ்த்தினாள். “இரு, இரு. அது கேட்ல எழுதியிருக்கிற பேரு. சம்பளச் சீட்டுல வேற ஏதோ நீளமா இருக்கும். மெதுவா படிக்கிறேன், எழுதிக்கோ.”

பதிவுப் பெயரில் தேடு என்பது முதலாண்டு நோட்டில் முதல் வரி. அதில் முதல் மதிப்பெண் வாங்கியவள், வாசல் பலகையில் இருந்த பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள். வேறு யார் தேடியிருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. அந்த வாசலில் டிபன் பாக்ஸோடு நின்று வளர்ந்தவளுக்குத்தான் நடக்கும்.

நீளமான பெயர் உடனே வந்தது. முதல் பக்கத்திலேயே நஷ்டம். மூன்று வருடமாக நஷ்டம்.

[கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ‘போட்டுடும்மா’ என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். நானும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து…]

ஆனால் அவள் கீழே கீழே போனாள். குறிப்பு எண் இருபத்து மூன்று: தொடர்புடைய நிறுவனங்களுடனான பரிவர்த்தனைகள். செய்த பெட்டி மொத்தமும் ஒரே நிறுவனத்துக்கு, அடக்கவிலைக்கும் கீழே விற்கப்பட்டிருந்தது. கட்டிடத்துக்கும் எந்திரத்துக்கும் வாடகை போனதும் அதே நிறுவனத்துக்குத்தான். அந்த நிறுவனத்தின் பெயரை அடித்துப் பார்த்தாள். அதன் இயக்குநர்கள், அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கும் இயக்குநர்களாக இருந்த அதே அண்ணன் தம்பி இருவர். மூன்று வருடமாக லாபம்.*

* இந்த மாதிரி விஷயங்களைக் குறிப்பில் எழுதுவது, யாரும் அதுவரை வந்து படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான்.

5

மறுபடியும் அம்மாவுக்குப் போன் செய்தாள். “நஷ்டம் இல்லம்மா. பணத்தை இந்தப் பையிலேர்ந்து அந்தப் பைக்கு மாத்தியிருக்காங்க.”

“நீ வாயால சொன்னா ஆச்சா? சூப்பர்வைசர் பேப்பரைக் காட்டறாரு. நானும் பேப்பரைக் காட்ட வேணாமா?”

அச்சு எந்திரம் நான்கு பக்கங்களைத் துப்பியது. அதன் சத்தம் கேட்டு மேடம் எழுந்து வந்தார்.

“இதுக்குத்தான் பயந்தேன். அடியில பாரு. ஒவ்வொரு பக்கத்துலயும் என் லாகின் பேரு.”

“அதைக் கிழிச்சுடறேன்.”

“கம்பெனிப் பதிவு அலுவலகத்துல மனு போட்டா இதே அறிக்கையை முறையா தருவாங்க. பத்து நாள் பொறு.”

“நாளைக்குக் காலைல கையெழுத்து, மேடம்.”

இந்த இடத்தில் மேடத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கவைத்திருந்தேன். அவர் பார்க்காதபோது இவள் போய்விடுவாள், யாருக்கும் சங்கடமில்லை. நல்ல மனுஷி, நல்ல கதை. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அடித்தேன். மேடம் திரும்பவில்லை. கையை நீட்டினார்.

“குடு.”

அவள் ஸ்கேலை வைத்து நான்கு பக்கங்களின் அடிப்பட்டையையும் கிழித்தாள். நான்கு பட்டைகளையும் நீட்டிய அந்தக் கையில் வைத்தாள். மிச்சமிருந்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தன் பெயரையும் பட்டப் பதிவு எண்ணையும் பேனாவால் எழுதினாள்.

“நான் புகார் எழுதியே ஆகணும். புரியுதா உனக்கு?”

“எழுதுங்க மேடம். என் நம்பரைத் தப்பில்லாம எழுதுங்க.”

6

அம்மா கையெழுத்துப் போட்டாளா, மேடம் புகார் எழுதினாரா, எழுதாமல் விட்டதற்காக அடுத்த வருடம் வேலை போனதா? மூன்றுக்கும் என்னிடம் முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றையும் தரப்போவதில்லை. எந்த முடிவைத் தந்தாலும் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மேடத்தின் கையில் இருக்கும் பட்டைகளை மட்டும் மறக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். “என்கிட்ட மட்டும் காட்டு, ஊரைக் கூட்டிடாத” என்று அம்மா போனில் கெஞ்சினாள். ஐந்து மணிக்கு ஷிப்ட் முடியும். ஒட்டும் பிரிவில் மட்டும் நாற்பது பெண்கள். அவள் நான்கு காகிதங்களையும் மடிக்காமல் நெஞ்சோடு பிடித்தபடி படியிறங்கினாள். நூலக வாசலைத் தாண்டினாள். வீட்டுக்குப் போகிற பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. நடத்துநர் கைகாட்டிக் கூப்பிட்டார்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தொழிற்சாலைப் பக்கம் போகிற பேருந்து எதிர்ப்பக்கம்தான் நிற்கும். சாலையைக் கடந்தாள்.