ரிவர்ஸ் விழாத கார்

அன்று காலை காரைத் தள்ள வந்திருந்தவர்கள்: சைக்கிள் கடை மஸ்தான் பாய். பால்காரர் சின்னசாமி, கேனைக் கீழே வைத்தால் நாய் வாய் வைத்துவிடும் என்று ஒரு கையால் மட்டும் தள்ளுகிறவர். ரமணாசிரமத்துக்கு வந்து எதிர்வீட்டு மாடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர். இதையும் ஏதோ பூஜை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். காரின் சொந்தக்காரன் வேணு. அவன் தள்ளுவதில்லை, சொல்லுவான். அவன் மனைவி கஸ்தூரி, கஞ்சி போட்ட நூல் புடவையில், சர்டிபிகேட் வைத்த பையை மார்போடு அணைத்தபடி.

தள்ள இத்தனை பேர் எதற்கு என்றால், காருக்கு ரிவர்ஸ் விழாது. வேணுவின் கைக்கு வந்த நாளிலிருந்தே விழாது. கடலைக்காய் மண்டி முதலாளி புது அம்பாசடர் வாங்கியபோது, மழையில் நனைந்து கிடந்த பழைய சின்னக் காரைத் தன்னிடம் எடை பார்க்கும் வேலையில் இருந்த வேணுவின் தலையில் கட்டினார். "உனக்குத்தான் கார்னா உசுராச்சே, எடுத்துக்கினு போ" என்றார். வேணு அதைப் பிரசாதம் வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வீட்டின் முன்னறைச் சுவரை இடித்து, இரட்டைக் கதவு போட்டு, ஷெட் ஆக்கினான். முன்னறையில் இருந்த கஸ்தூரியின் தையல் மெஷின் சமையலறைக்குப் போனது. ரவிக்கையில் எண்ணெய் படாமல் தைப்பதும் குழம்பில் நூல் விழாமல் வைப்பதும் அன்றிலிருந்து அவள் பாடு.

மாலையில் பின்பக்கமாகத் தள்ளி உள்ளே விட்டால் காலையில் நேரே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இது சின்னசாமியின் பசுமாட்டுக்கே தெரியும். வேணு ஒப்பவில்லை. காரின் முகம் தெருவைப் பார்த்து நின்றால் ஹெட்லைட்டில் கண் பட்டுவிடுமாம். அதனால் தினமும் நாலு பேர் உள்ளே போய், அதன் மூக்கில் கை வைத்து வெளியே தள்ள வேண்டும்.

"ஏம்பா வேணு, காரு உன்னுது, இடுப்புவலி எங்களுதா?" என்றார் மஸ்தான் பாய்.

"பெயின்ட்ல நகம் படுது பாய். உள்ளங்கையால தள்ளுங்க."

"நாளைக்கு மருதாணி வச்சுக்கினு வரேன். தங்கச்சி, நீ ஆறரை பஸ்ஸுக்குப் போயிருந்தா இந்நேரம் பாதி தூரம் தாண்டியிருப்பே."

அந்த பஸ் கஸ்தூரியின் கண் முன்னால்தான் போனது. உட்கார இடம்கூட இருந்தது.

டீச்சர் டிரெயினிங் முடித்து, எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று ஊரார் ரவிக்கையைத் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். செங்கத்தில் ஒரு தனியார் ஆரம்பப் பள்ளியில் ஒரு டீச்சர் திடீரென்று நின்றுவிட, அதன் தாளாளர் சொல்லி அனுப்பியிருந்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். வகுப்பில் டீச்சர் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்துக்குள் வந்தால் வேலை உனக்கு, இல்லையென்றால் காத்திருக்கும் இன்னொரு பெண்ணுக்கு. இதில் விளங்காதது எதுவும் இல்லை. வேணுவுக்கு மட்டும் விளங்கவில்லை.

"வீட்ல காரை வச்சுக்கினு பொண்டாட்டி பஸ்ல தொங்கிக்கினு போறதா? ஊர்ல என்னை இன்னான்னு கேப்பாங்க?" என்றான் முந்தின நாள்.

ஊர் அவனை எதுவும் கேட்பதாக இல்லை. ஆனால் கஸ்தூரியும் கொஞ்சம் மயங்கித்தான் போனாள். பள்ளிக்கூட வாசலில் கார் நிற்க, கதவைத் திறந்துகொண்டு தான் இறங்குவதும், தாளாளர் எழுந்து நிற்பதுமாக ஒரு படம் அவள் மனதில் ஓடியது. பாத்திரம் தேய்க்கும்போது ஓடுகிற படம். அதற்காக அவள் பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள், ஆனால் அது பிறகு.

காரை வெளியே தள்ளி, செங்கம் பக்கம் முகத்தைத் திருப்பி விட்டார்கள். வெள்ளைக்காரர் கும்பிட்டார். சின்னசாமி, "மகராசியா போயிட்டு வாம்மா" என்றார். கார் இருமிக்கொண்டே கிளம்பியது.

கொஞ்ச தூரத்தில் சாலை இரண்டாகப் பிரியும். நேரே போனால் செங்கம். வலது பக்கம் திரும்பினால் மலையைச் சுற்றும் பாதை. வேணு வலது பக்கம் திருப்பினான்.

"ஏங்க! நேரா போங்க."

"நல்ல காரியத்துக்குப் போறோம். ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போவணும். ராத்திரியே வேண்டிக்கினேன்."

"நேரமாவுதுங்க. வேலை கெடச்சதும் வந்து சுத்தலாம். நடந்தே சுத்தறேன்."

"கார்ல சுத்தறதுக்கு எத்தினி நேரம் ஆவும்? டவுனு வழியா வந்து திரும்ப இதே இடத்துல நிப்போம் பாரு."

அவன் எங்கே கிளம்பினாலும் மலையைச் சுற்றித்தான் வீடு வருவான். காரணம் பக்தி இல்லை. ரிவர்ஸ் இல்லாமல் ஒரே மூச்சில் சாலையில் காரைத் திருப்ப அவனுக்கு வராது. பீடிக் கட்டு வாங்கப் போனாலும் ஒரு கிரிவலம் ஆகிவிடும். "அண்ணாமலையார் வண்டி, பின்னால போவாது" என்று சொல்லிச் சொல்லி, வழியில் இருக்கிற அடி அண்ணாமலை ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்தால் கும்பிடுகிற அளவுக்கு ஆக்கி வைத்திருந்தான். கும்பிடு வாங்கிப் பழகியவனால் அதை விட முடியவில்லை. காரியம் அவ்வளவுதான்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. குட்டை கண்ட இடத்தில் எல்லாம் காரை நிறுத்தி, இறங்கி, ஆழம் பார்த்து, ஏறி ஓட்டினான். சேறு தெறித்தால் துடைத்தான். கீரைக்கட்டோடு நடந்து போன பெண்கள் அவர்களை இரண்டு முறை முந்திப் போனார்கள். அடி அண்ணாமலை ஊருக்குள் நுழைந்ததும் கார் ஒரு விக்கல் விக்கி நின்றது.

வேணு பானெட்டைத் திறந்தான். திறக்கும்போது அவன் முகத்தில் கவலை இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. அதைக் கஸ்தூரி பார்த்தாள். பின்சீட்டில் இருந்து வெள்ளைத் துண்டை எடுத்து மண்ணில் விரித்து, திருகாணிகளைக் கழற்றி அதன்மேல் வரிசையாக வைத்தான்.

"கார்புரேட்டர்தான். ராத்திரி நல்லாத்தானே துடைச்சேன்."

"எதால துடைச்சீங்க?"

"பழைய பனியனாலதான்."

பனியன் நூல் பெட்ரோல் போகிற துளைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த காரை, அழகு போதவில்லை என்று கழற்றித் துடைத்து, நிற்க வைத்துவிட்டான். அதை அவன் ஊசியால் நோண்டினான். நூல் இன்னும் உள்ளே போனது. வாயால் உறிஞ்சினான். பெட்ரோலைத் துப்பினான். கஸ்தூரி ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து, அவன் சொன்னபோதெல்லாம் ஸ்டார்ட்டரை இழுத்தாள். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். பார்த்தாள். எட்டரை.

இரட்டை மாட்டு வண்டியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வேடியப்பன் என்ற அந்த ஊர் விவசாயி வந்தார். அவர்கள் வந்த வழியே, செங்கம் ரோட்டுப் பக்கம் போகிறவர். வண்டியை ஓரம் கட்டி வேணுவைக் கும்பிட்டார்.

கஸ்தூரி இறங்கினாள். "அண்ணே, காரை மாட்டுல கட்டி செங்கம் ரோடு வரைக்கும் இழுத்து விடுறீங்களா? அங்க மெக்கானிக் இருக்காரு. நான் பஸ் புடிச்சுப்பேன்."

வேடியப்பன் காரையும் மலையையும் பார்த்தார். "அந்தப் பக்கமா? சாமிய இடமா சுத்தின மாதிரி ஆயிடுமேம்மா. முன்னால வேணா இழுக்கறேன். பின்னால வேணாம்."

"ஆங், கேட்டுக்க" என்றான் வேணு, வாயைத் துடைத்துக்கொண்டு. "ஆரம்பிச்ச சுத்தைப் பாதியில விட்டுட்டுத் திரும்பினா வீட்டுக்கு ஆவாது. முன்னாலயே தள்ளுவோம். நீ ஸ்டியரிங்க புடி."

"முன்னால டவுனுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆயிடும்."

"அவசரப்படாத. கார் இருக்கு இல்ல?"

கஸ்தூரி வேடியப்பனிடம் திரும்பினாள். "நீங்க தெனம் இப்படித்தானே வண்டி ஓட்டிக்கினு போறீங்க? அது இடமா சுத்தறது இல்லையா?"

"நான் சோலிக்குப் போறவன்மா. இவரு சுத்தறேன்னு வேண்டிக்கினு வந்தவரு. அது வேற, இது வேற."

"அப்போ நானும் சோலிக்குத்தான் போறேன். வேண்டிக்கினது அவரு" என்று சொல்லி, பையை வாழைத்தார்மேல் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

வேடியப்பன் நகர்ந்து இடம் விட்டார். மாட்டைத் தட்டினார்.

"கஸ்தூரி! ஸ்டியரிங்க யாரு புடிக்கறது? கஸ்தூரி!" என்று வேணு பின்னால் கத்தினான். துண்டின்மேல் இருந்த திருகாணிகளை விட்டுவிட்டு அவனால் ஓடி வர முடியாது. காற்றில் தூசி பறந்து ஒட்டிக்கொள்ளும்.

மாடுகள் தங்கள் நடையில் நடந்தன. வாழைப்பால் புடவையில் கறையாகப் பட்டது. செங்கம் ரோட்டில் ஒரு பஸ் நிற்காமல் போனது. அடுத்ததில் நின்றுகொண்டே போனாள்.

பள்ளிக்கூடத்தில் தாளாளர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. வகுப்பறையில் ஒரு சின்னப் பெண் போர்டில் அணில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் "அணில்" என்று கத்தின.

"வாங்கம்மா. இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டுப் போயாச்சு. பத்து மணி வரைக்கும் வாசலையே பாத்தேன்."

"கார் ரிப்பேராயிடுச்சுங்க."

அவர் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "கார்லயா கெளம்பினீங்க? வீட்ல கார் இருக்கா?"

"இருக்குங்க."

"கார் வச்சிருக்கிற வீட்டுக்கு இந்தச் சம்பளம் எதுக்கும்மா? அந்தப் பொண்ணு பாவம், இல்லாத வீடு. விடியக்காலம் நடந்தே வந்து உக்காந்துட்டா."

ரிவர்ஸ் விழாது, ஓசி வண்டி, முன்னறையை முழுங்கிய வண்டி என்றெல்லாம் அவரிடம் விளக்கலாம். விளக்கி என்ன ஆகும்? தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தாள். அந்தப் பெண்ணின்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அணில் நன்றாகத்தான் இருந்தது.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது மாலை ஆகியிருந்தது. கார் அவளுக்கு முன்பே வந்து, முகத்தை உள்ளே வைத்து ஷெட்டில் நின்றது. வேணு வாசலில் சேற்றுக் காலோடு, பெரிய யுத்தம் முடித்தவன் போல இருந்தான்.

"நூலை எடுத்துட்டேன். ஒரே உறிஞ்சு. சுத்தை முழுசா முடிச்சுட்டுத்தான் வந்தேன் தெரியுமா? அப்புறம் நடுவுல நிக்கவே இல்ல."

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"சேந்துட்டியா?"

"இல்ல. வேற பொண்ணு சேந்துட்டா."

வேணு தலையை ஆட்டினான். அவனுக்கு அது புதிதாக இல்லை போலிருந்தது. "அப்பவே சொன்னேன். சுத்தைப் பாதியில விட்டுட்டு எதிர்ப்பக்கமா போனா இப்படித்தான் ஆவும். கேட்டியா நீ?"

அவன் குரலில் கேலிகூட இல்லை. உண்மையாகவே நம்பினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். இவன் அவளுக்காக இரக்கப்பட்டான்.

"சரி வுடு. சோறு வை, பசிக்குது. அதுக்குள்ள சேத்தைத் துடைச்சிடறேன், காஞ்சா பெயின்டைப் புடிச்சுக்கும்" என்று வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனான்.

கஸ்தூரி வீட்டை ஒட்டிய சந்து வழியாகச் சமையலறைக்குப் போனாள். மெஷின்மேல் பையை வைத்தாள். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. வீட்டிலிருந்து ஷெட்டுக்குப் போகிற உள்கதவைச் சத்தமில்லாமல் தாழ்ப்பாள் போட்டாள். ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் தெருவுக்கு வந்தாள். வேணு குனிந்து மட்கார்டின் அடியில் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் இரட்டைக் கதவின் ஒரு பக்கத்தை இழுத்தாள்.

"எதுக்கு சாத்தற? வெளிச்சம் வேணும்" என்றான், தலையைத் தூக்காமல்.

மறு பக்கத்தையும் இழுத்து, இரண்டையும் சேர்த்து, நாதாங்கியை மாட்டிப் பூட்டினாள்.