கட்டாத கப்பல்

பைலட்டம்மா செய்த தப்பு ஒரே ஒரு கேள்விதான்.

காலையில், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற சரக்குக் கப்பலோடு வயர்லெஸ்ஸில் பேசினாள். கப்பலில் ஒரு மாலுமிக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்திருந்தது. கப்பலை உள்ளே கொண்டுவரப் போகிற எந்தப் பைலட்டும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள். எத்தனை பேருக்குக் காய்ச்சல்? ஒருத்தனுக்கு என்றார் கேப்டன். அதற்குப் பிறகுதான் அவரைத் தனி அலைவரிசைக்கு வரச் சொன்னாள். காய்ச்சல் எதனால் வந்தது என்ற விவரமெல்லாம் அந்தத் தனி அலைவரிசையில் போய்விட்டது. கேள்வியும் அரைப் பதிலும் மட்டும் பொது அலைவரிசையில் நின்றுவிட்டன.

பொது அலைவரிசையைக் கேட்காத படகு அந்தக் கரையில் கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் அதைச் செல்போனில் பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டான். மதியத்துக்குள் ‘ஒருத்தன்’ ‘கப்பல் முழுக்க’ ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் இரண்டு பிணங்களைக் கடலில் தள்ளிவிட்டதாகக் கண்ணால் பார்த்த சாட்சிகளே கிளம்பிவிட்டார்கள்.

ஊர் ஏற்கனவே பயந்துதான் கிடந்தது. தூர தேசத்தில் ஏதோ புதுக் காய்ச்சல். டிவியில் எந்த நேரமும் உலகப் படம், அதில் சிவப்பு அம்புகள். ஒருத்தன் காலையில் ஓர் ஊரில் தும்மிவிட்டு விமானம் ஏறினால், ராத்திரிக்குள் மூன்று கண்டத்தில் பரப்பிவிடுவான் என்று கோட்டு போட்டவர்கள் விளக்கினார்கள். கடைகளில் சோப்பு தீர்ந்துபோனது. பஸ்ஸில் யாராவது இருமினால் பக்கத்து சீட் தானாகக் காலியானது. சிலர் அதற்காகவே இருமினார்கள்.

சாப்பிட வீட்டுக்கு வந்த பைலட்டம்மாவை அண்ணி வாசலிலேயே மறித்தாள். அண்ணி என்றால் புருஷனின் அக்கா. மாடி வீட்டில் குடியிருப்பு, கீழ்வீட்டில் அதிகாரம். தம்பி பெண்டாட்டி பைலட் என்று கல்யாணமான புதிதில் தெருவெல்லாம் பெருமை பேசி, நாலு பேர் விமான டிக்கெட் சல்லிசாகக் கிடைக்குமா என்று விசாரிக்க வந்த பிறகுதான் அது கப்பல் பைலட் என்று அவளுக்கு விளங்கியது. அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அந்தக் கப்பலை இவள்தான் உள்ளே கொண்டுவரப் போகிறாளாமே, தெருவே கேட்கிறதே, தான் என்ன பதில் சொல்வது என்று அண்ணி பிடித்துக்கொண்டாள். உலகமே கதவைச் சாத்துகிற நேரத்தில் இவள் மட்டும் வாசலைத் திறந்து, வா வா என்று கூப்பிடுவாளா என்றாள். கணக்கு வாத்தியாரான புருஷன் அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று, தட்டில் சோறு ஆறுகிறது என்பதை மட்டும் இரண்டு முறை தெரிவித்தார்.

பைலட்டம்மா நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். கப்பல் கரையை விட்டு மூன்று வாரத்துக்கு மேலாகிறது. காய்ச்சல் ஒரே ஒருவனுக்குத்தான். இரும்பு மூடிக்கு அடியில் சிக்கி அவன் கை நசுங்கிவிட்டது. சீழ் வைத்து, விஷம் தோள் வரைக்கும் ஏறுகிறது. துறைமுக டாக்டர் வீடியோவில் பார்த்துவிட்டு, உள்ளே கொண்டுவரலாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார். நாளைக் காலை வரைக்கும் விட்டால் கை போய்விடும், உயிருக்கும் தான் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டார். அலை அடிக்கிற அடியில் அவனைப் படகில் இறக்க வழியில்லை, கப்பலேதான் கரைக்கு வர வேண்டும். சாயங்காலம் கடல் ஏறி நிற்கும் நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த ஏற்றம் விடியற்காலையில்தான்.

“டாக்டர் வீடியோவுலதானே பாத்தாரு,” என்றாள் அண்ணி. “நேர்ல போகலையே. அவருக்கே பயம் இருக்கில்ல?”

பைலட்டம்மா தட்டை வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

துறைமுக வாசலில் அதற்குள் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. உள்ளே, கயிற்று ஆட்களின் கொட்டகையில் மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் கையிலும் கையுறை இல்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கப்பல் கரைக்கு வந்தால் மட்டும் போதாது, அதைக் கட்ட வேண்டும். கப்பலிலிருந்து முதலில் மெல்லிய கயிற்றை வீசுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் தொடை கனத்துப் பெரிய கயிறு பின்னால் வரும். அதன் வளையத்தைக் கரையிலுள்ள இரும்புக் கட்டையில் மாட்டுவது இவர்கள் வேலை.

மேஸ்திரி மரியாதையாக எழுந்து நின்றார். “நீங்க போங்கம்மா. போகாதேன்னு சொல்ல நான் யாரு? ஆனா கயிறு பிடிக்க மட்டும் எங்களைக் கூப்பிடாதீங்க.”

டாக்டரின் கடிதத்தை அவள் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“அது உங்களுக்குக் குடுத்தது. எங்க வீட்டுல பச்சைக் குழந்தை இருக்கு, என் பேத்தி. அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எந்த டாக்டர் எழுதித் தருவாரு?”

கூச்சல் போட்டிருந்தால் அவளும் பதிலுக்குப் போட்டிருப்பாள். அவர் தாழ்ந்த குரலில் கேட்டது அவளைக் குத்தியது.

“யாரும் தர மாட்டாங்க மேஸ்திரி. எனக்கும் பயமாத்தான் இருக்கு, பொய் சொல்லல. ஊரு இப்படி ஆனதுக்கு நான் கேட்ட கேள்விதான் காரணம். அதுக்கு விலையா அந்தப் பையன் கையைக் குடுக்க முடியாது. நான் கொண்டுவரேன்.”

“கொண்டுவந்து எதுல கட்டுவீங்க?”

“அது என் பாடு.”

இழுவைப்படகில் சைரன் அண்ணன் என்ஜினைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். அவர் சாதாரணமாகப் பேசினாலே எதிர்க்கரையில் நாய் எழுந்து நிற்கும், அதனால் அந்தப் பெயர். பயமில்லையா அண்ணே என்று கேட்டதற்கு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி மூன்றும் ஏற்கனவே குடியேறிவிட்டன, புதிதாக ஒன்று வந்தால் அவை இடம் கொடுக்குமா என்று எதிர்க்கேள்வி கேட்டார்.

வெளியே கடல் கோபமாக இருந்தது. படகு ஏறி இறங்கும் நேரம் பார்த்துத் தாவி, கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய கயிற்று ஏணியைப் பிடித்து ஏறினாள். மேலே போனால் வேடிக்கை. மாலுமிகள் எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டு, அவளிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றார்கள். கரையில் காய்ச்சல் பரவுகிறது என்று அவர்களும் ரேடியோவில் கேட்டிருக்கிறார்கள். கேப்டன் தூரத்திலிருந்தே வணக்கம் சொல்லி, சங்கடத்தோடு விசாரித்தார். உங்கள் ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல்?

பைலட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனக்குத் தெரிந்து ஒருவருக்கும் இல்லை, ஆனால் உங்களைப் பார்த்து ஊருக்கே ஜன்னி கண்டிருக்கிறது என்றாள்.

கப்பலை ஓட்டும் அறைக்குப் போகிற வழியில், சாப்பாட்டுக் கூடத்தில் அவனைப் பார்த்தாள். இருபது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கலாம். ஸ்ட்ரெச்சரில் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். துணி சுற்றிய கை தலையணை அளவுக்கு வீங்கியிருந்தது. அழுகிய வாடை. அதிகாரி யாரோ வருகிறார் என்று தெரிந்ததும் அந்த நிலையிலும் எழுந்து நிற்கப் பார்த்தான். பைலட்டம்மா அவன் தோளில் கை வைத்துப் படுக்க வைத்தாள். டாக்டரே நேரில் வரவில்லையே என்று அண்ணி சொன்னது ஒரு நொடி ஞாபகம் வந்தது. கையை எடுக்கவில்லை.

பிறகு வேலை. குறுகலான கால்வாய், இரண்டு பக்கமும் மணல், பின்னாலிருந்து காற்று. வேகத்தைக் கூட்டு, குறை, இடப்பக்கம், நேராக என்று அவள் சொல்லச் சொல்லக் கப்பல் கேட்டது. கரை நெருங்கியது. கப்பல் வந்து ஒட்டும் கரை மேடையில் ஓர் ஆள் இல்லை. தூரத்தில், கொட்டகை வாசலில் மேஸ்திரியும் ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஊர் நின்றது. ஒலிபெருக்கி வைத்த ஆட்டோவில் ஒருவர் ‘திரும்பிப் போ’ என்று கப்பலுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

கயிறு பிடிக்க ஆளில்லையே என்றார் கேப்டன். திரும்பிவிடலாமா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் அது எழுதியிருந்தது.

பைலட்டம்மா கையிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தாள். இந்த முறையும் பொது அலைவரிசைதான். வேண்டுமென்றே. எல்லோரும் கேட்கட்டும்.

“சைரன் அண்ணே, கப்பலை மேடையோட சேர்த்து உங்க படகு மூக்கால அழுத்துங்க. ஸ்ட்ரெச்சர் இறங்கற வரைக்கும் விடக்கூடாது.”

“கட்டாமலேவா பைலட்டம்மா?”

“கட்டாமலே.”

“ரெண்டு பேர் வேலையும் போயிடுமே.”

“போனா சேர்ந்து ஒரு கடை போடுவோம். அழுத்துங்க.”

படகு கரும்புகை கக்கிக்கொண்டு கப்பலின் விலாவில் முட்டியது. கப்பல் முனகியபடி மேடையில் ஒட்டியது. நடு உடம்பு ஒட்டினாலும் தலை அடங்கவில்லை. காற்று தள்ளத் தள்ள முன்பக்கம் விலகும், திரும்பி வந்து இடிக்கும். அந்த ஆட்டத்திலேயே படிக்கட்டை இறக்கச் சொன்னாள். படியின் அடிச்சக்கரம் மேடையில் கிறீச்சென்று முன்னும் பின்னும் ஓடியது. நாலு மாலுமிகள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மேல்படியில் கால் வைக்கப் பயந்து நின்றார்கள். சறுக்கினால் கீழே இடுக்கு. இடுக்கில் இரும்பும் சிமென்ட்டும் மாறி மாறிக் கடித்துக்கொண்டிருந்தன.

கொட்டகை வாசலில் மேஸ்திரியின் கட்டிய கை அவிழ்ந்தது. தம்முடைய மேடையில் ஒரு கப்பல் கட்டாமல் ஆடுவதை அவர் இதுவரை கண்டதில்லை. முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நடக்க ஆரம்பித்தார். நடை பாதியிலேயே ஓட்டமானது. ஓடிக்கொண்டே தோள் துண்டை எடுத்து முகத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

“அறிவிருக்காம்மா உங்களுக்கு? கட்டாத கப்பல்ல ஆளை இறக்குவாங்களா? இது என்ன ஆத்துல போற பரிசலா?” மேலே பார்த்துக் கத்தியவர், கப்பலின் முன்தளத்தில் நின்ற மாலுமியிடம் திரும்பினார். “டேய், என்னடா பாக்கற? வீசு கயிறை.”

அவன் பாஷை வேறுதான். ஆனால் அந்தக் குரல் எல்லாத் துறைமுகத்திலும் ஒன்று. மெல்லிய கயிறு பறந்து வந்தது. மேஸ்திரி அதை எட்டிப் பிடித்தபோது அவருடைய ஆட்களும் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று வளையங்கள் இரும்புக் கட்டைகளில் விழுந்தன. கயிறுகள் இறுகின. கப்பல் நல்ல பிள்ளையாக நின்றது. ஸ்ட்ரெச்சர் இறங்கியது.

பைலட்டம்மா கீழே வந்து அவர் அருகே போகப் பார்த்தாள். மேஸ்திரி இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். தள்ளியே நில்லுங்க, குளிச்சு முழுகிட்டு நான் குழந்தைகிட்ட போகணும் என்றார். நன்றி சொல்ல வந்தவள் அதை விழுங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

அவனையும் பைலட்டம்மாவையும் ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸ் துறைமுக வாசல் வரைக்கும்தான் வந்தது. கேட்டைத் திறந்ததும் கூட்டம் சுவர்போல நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். ஒலிபெருக்கி இன்னும் சத்தமாகக் கத்தியது. உள்ளே அந்தப் பையனின் முனகல் கேட்டது. இதற்கு மேல் இங்கே நிற்க முடியாது என்று நர்ஸ் சொன்னாள்.

முன் சீட்டிலிருந்த பைலட்டம்மா கதவைத் திறந்து இறங்கினாள். சட்டையில் உப்பு, முழங்காலில் ஏணி சிராய்த்த ரத்தம், முகத்தில் முகமூடி, நெஞ்சில் மிதவைச் சட்டை. ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய் நின்று, கூட்டத்தைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தாள்.

முன்வரிசை மூன்றடி பின்னால் போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கப்பலிலிருந்து இறங்கி வருகிறவள் அவள். மறிக்க வேண்டுமானால் தொட வேண்டும், தொடுகிற துணிச்சல் அங்கே ஒருத்தனுக்கும் இல்லை. முகமூடிக்குள் சிரித்துக்கொண்டாள். இரண்டு கையையும் விரித்து, தெருவின் அகலத்துக்கும் தன் நிழல் விழும்படி நடந்தாள். அவள் நடக்க நடக்கக் கூட்டம் இரண்டாகக் கிழிந்தது. ஒலிபெருக்கி ஆட்டோ பின்னோக்கி ஓடிச் சாக்கடை ஓரத்தில் சக்கரத்தை இறக்கிக்கொண்டது. பின்னால் ஆம்புலன்ஸ், இழுவைப்படகுக்குப் பின்னால் வரும் கப்பலைப்போல மெதுவாக வந்தது.

“இவ்வளவு நேரம் என்னமோ சொன்னீங்களே,” என்றாள். “கிட்ட வந்து சொல்லுங்க, கேட்கறேன்.”

யாரும் வரவில்லை. ஒரே ஒருத்திதான் நகராமல் நின்றாள். அண்ணி. அவளும் பத்தடி தள்ளித்தான் நின்றாள், மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு. ஆம்புலன்ஸ் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தத் தலையணைக் கையைப் பார்த்தாள். தெரு ஓரமாகவே, அதே பத்தடியை விடாமல், தம்பி பெண்டாட்டியோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தாள். நடுவில் நின்ற சைக்கிள்காரனை, வழியை விடுடா என்று விரட்டினாள்.

தெரு முனையில் சாலை காலியாக இருந்தது. ஆம்புலன்ஸ் வேகம் எடுத்துப் போனது. பைலட்டம்மா அதன் சத்தம் கரைகிற வரைக்கும் நடுரோட்டிலேயே நின்றாள்.

“ஏண்டி,” என்று அண்ணி தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள். “மாடியில என் ரூமை ஒழிச்சுத் தரேன். சாப்பாடு வாசல்ல வெச்சிடறேன். ரெண்டு வாரத்துக்குக் கீழ இறங்காத.”

“ரெண்டு வாரமெல்லாம் ஆகாது அண்ணி. இந்தக் கப்பலைக் காலையில வெளிய கொண்டுபோய் விடணும். இவங்க பயத்துக்கு அதை இங்கேயே கட்டிப் போட முடியுமா?”

சொல்லிவிட்டுத் திரும்பித் துறைமுகத்தைப் பார்த்து நடந்தாள். கூட்டம் மறுபடியும் வழி விட்டது.