பதிலுக்கு நின்ற ஞாயிறு

இப்போது பிள்ளைகள் கத்தானியாவுக்கு மட்ச் பார்க்கப் போனால் ஆளுக்கொரு கார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் போய் இறங்குகிறார்கள். போகாத ஆட்கள் கட்டிலில் கிடந்து டெலிபோனில் பார்க்கிறார்கள். அதுவும் ஒரு பார்வையா? என்னைக் கேட்டால், பஸ்ஸில் போய் ஒருதரமாவது வயிறு பிரட்டிச் சத்தி எடுக்காதவர் வெளியூர் மட்ச் பார்த்தவரே இல்லை.

நான் சொல்வது தொண்ணூறுகளின் முதல் பாதியை. இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் கோயில் பங்கு இளைஞர்கள் 'விடிவெள்ளி' என்று ஓர் உதைபந்தாட்டக் குழு வைத்திருந்தார்கள். இளைஞர்கள் என்று பேர்தான். என் மனுசன் யாக்கோபு முப்பத்தெட்டு வயதில் அதில் பின்வரிசைக்காரன். மன்னாரில் வள்ளத்தில் நின்ற கால், இங்கே காலையில் ஒரு டாக்டர் வீட்டுப் படிக்கட்டு முழுவதையும் துடைத்துவிட்டு, பின்னேரம் பந்துக்குப் பின்னால் ஓடும். மெசினா, கத்தானியா, கடலுக்கு அங்கால் ரெஜியோ என்று எங்கெல்லாம் எங்கள் சனம் வீட்டு வேலைக்கு வந்து சேர்ந்ததோ அங்கெல்லாம் ஒரு குழு இருந்தது. ஒருமுறை அவர்கள் இங்கே வருவார்கள், மறுமுறை நாங்கள் அங்கே போவோம். நாலு வருஷம் ஒரு வெளியூர் மட்சும் விடாமல் போனவள் நான்.

ஞாயிறு விடியவே கோயிலடியில் வாடகை பஸ் வந்து நிற்கும். புறப்பட்டதும் செபமாலையில் ஒரு பத்துமணிச் செபம். அதைச் சொல்வது நான்தான், றோசமலர் அக்காவின் குரல்தான் பின் சீற்றுக்கும் கேட்கும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் 'ஆமென்' சொல்லி வாய் மூட முதலே பின்னால் பைலாப் பாட்டுத் தொடங்கிவிடும். மடியில் இரண்டு தட்டு கட்லிஸ், காலடியில் புளிச்சாதம், பிளாஸ்கில் தேத்தண்ணி. அதோடு அடிபட்டு நெளிந்த ஓர் அலுமினியச் சட்டியும் அகப்பையும். மெசினாவுக்கு அப்போது பெருந்தெரு முழுதாகப் போடப்படவில்லை. பாதிவழியில் இறங்கிக் கடற்கரைத் தெருவால் வளைந்து வளைந்து போகவேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பிள்ளை சத்தி எடுக்கும். ஐயோ, அந்தப் பஸ்ஸின் மணம்! கட்லிஸும் தோடம்பழத் தோலும் வேர்வையும் கலந்த அந்த மணத்தை யாராவது போத்தலில் அடைத்து விற்றால், இன்றைக்கும் வாங்கி வைப்பேன்.

மைதானத்தில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. எங்கள் கோலுக்குப் பக்கமாக, வெள்ளைக் கோட்டில் கால் படுமாப்போல. அங்கே நின்று சட்டியில் அடித்துக்கொண்டு கத்துவேன். நடுவர், எதிராளி, எங்கள் பொடியள் என்று ஒருவரையும் விடமாட்டேன். யாக்கோபுவுக்குத்தான் கூடுதலாக விழும்.

வினை அங்கேதான் பிடித்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஜூன், கத்தானியாவில் அரையிறுதி. யாக்கோபு ஒரு பந்தை விட்டுவிட்டார். "இஞ்சாருங்கோ, காலிலை என்ன பசை ஒட்டியிருக்கோ?" என்று கத்தினேன். இரண்டு பக்கச் சனமும் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மட்சை வென்றோம், அடுத்த ஞாயிறு மெசினாவில் இறுதி ஆட்டம். ஆனால் மனுசன் வரும் வழி முழுக்க என்னோடு கதைக்கவில்லை. வியாழக்கிழமைப் பின்னேரம், இரண்டு பேருக்கும் லீவு, அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"மெசினாவுக்கு நீர் வராட்டில் ஒண்டும் குறையாது. எனக்கு வெக்கமாய்க் கிடக்கு."

வெடுக்கென்று ஏறிவிட்டது எனக்கு. நாலு வருஷம்! மழையில் நின்றிருக்கிறேன், காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். வேலை வீட்டுச் சிஞ்ஞோராவிடம் பொய் சொல்லி லீவு எடுத்திருக்கிறேன். ஒன்றும் குறையாதாம். நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போது கதவில் தட்டுச் சத்தம். எங்கள் கோல் கீப்பர் கொட்வின்.

கொட்வினுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பலெர்மோவிலேயே சீசா என்ற பகுதியில், பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்த சிஞ்ஞோர் கஸ்பாரே என்ற கிழவரை வீட்டோடு இருந்து பார்த்து வந்தான். எங்கள் வேலையில் லீவு கேட்டால் கிடைக்காது. உன்னுடைய இடத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் நீ போகலாம், அந்த ஆளும் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவராக இருக்கவேண்டும். 'பதிலுக்கு நிற்பது' என்போம். கலியாணம், ஞானஸ்நானம், கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவுக்கு, அதுதான் வதிவிட அனுமதிக்கு, வரிசை, எல்லாவற்றுக்கும் ஒருவருக்கு ஒருவர் பதிலுக்கு நின்றுதான் அந்தக் காலம் ஓடியது. மட்ச் நாட்களில் கொட்வினுக்குப் பதிலாக நிற்பவர் இராசரத்தினம் அண்ணை. பந்தென்றால் எந்தப் பக்கம் உருண்டை என்று கேட்கும் மனிதர் அவர்.

"அக்கா, இராசரத்தினம் அண்ணைக்கு வயித்துக் குத்து, ஆஸ்பத்திரியிலை மறிச்சுப்போட்டாங்கள்," என்றான் கொட்வின். "கிழவற்றை மகள் தெரியாத ஆளை விடமாட்டா. அவவுக்குத் தெரிஞ்ச வேறை ஆள் நீங்கள்தான்."

உண்மைதான். அவனுக்கு முதல் அந்த வீட்டைத் துடைத்தவள் நான். எங்களிடம் இருந்த இரண்டாவது கோல் கீப்பரோ பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

நான் யாக்கோபுவைப் பார்த்தேன். 'மெசினாவுக்கு அவவும் வரவேணும், வேறை வழி பாப்பம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மனுசன் குனிந்து சப்பாத்தில் மண் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நான் நிக்கிறன்," என்றேன். "என்னாலை அங்கை ஒண்டும் குறையாதாம்."

ஞாயிறு விடிய, கட்லிஸ் தட்டை மட்டும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் சீசாவுக்கு நடந்தேன்.

சிஞ்ஞோர் கஸ்பாரேக்கு எழுபத்தெட்டு வயது. வலது பக்கம் விழுந்துவிட்டது, வாய் மட்டும் விழவில்லை. இளவயதில் பலெர்மோ குழுவுக்குப் பின்னால் ரயிலேறி இத்தாலி முழுக்கத் திரிந்தவராம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு பந்து கேட்பார். ஜூன் கடைசி, ஆட்டங்கள் எல்லாம் முடிந்த காலம். ரேடியோவில் பாட்டுத்தான். கிழவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொட்வின் எங்கே போனான் என்று கேட்டார். இறுதி ஆட்டத்துக்கு மெசினாவுக்குப் போயிருக்கிறான் என்றேன். கண் பெரிதாகியது.

"எத்தனை மணிக்கு?"

"இரண்டு மணிக்கு."

இரண்டு மணியானதும் ரேடியோவை நிற்பாட்டச் சொன்னார். "ம், தொடங்கியிருக்கும். என்ன நடக்கிறது?"

"எனக்கென்ன தெரியும், சிஞ்ஞோர்? நான் இங்கேதானே நிற்கிறேன்."

"மைதானம் தெரியுமா? ஆட்கள் தெரியுமா? அப்படியென்றால் சொல்லு."

கிழவருக்கு விசர் என்று நினைத்தேன். இரண்டு முறை மறுத்தேன். மனிதர் விடுகிறதாக இல்லை, சூப்பையும் குடிக்கமாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டார். சரியென்று கதிரையில் இருந்து, சமையலறை இத்தாலியனில் தொடங்கினேன். மெசினாக்காரன் ஒருத்தன், மாடுமாதிரி ஆள், வருகிறான், அடிக்கிறான், கொட்வின் பாய்கிறான், பிடித்துவிட்டான்! கிழவர் இடது கையால் கட்டிலில் தட்டினார். எனக்கும் சூடு ஏறியது. எழுந்து நின்றேன். கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வந்தபோது பந்தை யாக்கோபுவிடம் கொடுத்தேன். அந்த மனுசனை வழுக்கி விழுத்தி, எல்லாரும் சிரிக்கப் பண்ணவேண்டும் என்றுதான் இருந்தேன். சத்தியமாக அதுதான் எண்ணம். ஆனால் வாய் கேட்கவில்லை. யாக்கோபு ஒருவனை வெட்டினார், இரண்டாவது ஆளையும் வெட்டினார், நாலு வருஷத்தில் நடுக்கோடு தாண்டாத மனுசன் எதிராளியின் கோலடிக்கே போய் இடது காலால் அடித்தார். கோல்!

கிழவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு சூப்பைக் குடித்துவிட்டு நித்திரையாகிவிட்டார்.

பொழுதுபட்டு வந்த கொட்வினின் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது. ஒன்றுக்கு ஒன்று சமன், பிறகு பெனல்டி. நாலு பேர் சரியாக அடித்தார்கள். ஐந்தாவது யாக்கோபு.

"கோலுக்கு மேலாலை, அக்கா," என்றான். "அண்ணை ஒருத்தரோடையும் கதைக்கேல்லை."

வீட்டிலும் கதைக்கவில்லை. அடுத்த நாள் சப்பாத்தைப் பையில் போட்டுக் கட்டி, அலுமாரிக்கு மேல் எறிந்தார். பயிற்சிக்குக் கூப்பிட வந்த பொடியளிடம், "எனக்குக் காணும், நீங்கள் விளையாடுங்கோ," என்று கதவைச் சாத்தினார். நான் ஒரு வார்த்தை குத்தவில்லை. குத்தினால்கூடக் கொஞ்சம் ஆறியிருப்பாரோ தெரியாது. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சமைத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டு, இரண்டு கிழமை ஊமைபோல இருந்தோம்.

அதற்குள் சீசாவில் வேறு கூத்து நடந்திருக்கிறது. கிழவர் வருகிற போகிற எல்லாரிடமும் ஒன்றுக்குப் பூச்சியம், கோல் யாக்கோபு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொட்வினுக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் மகள் கடையில் ஒரு தட்டுக் கன்னோலி இனிப்புக்குச் சொல்லிவைத்துவிட்டாள், கோல் அடித்தவனை அப்பா பார்க்கவேண்டுமாம். கொட்வின் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து தலையைச் சொறிந்தான்.

இனி மறைக்க வழியில்லை. யாக்கோபுவுக்கு முன்னால் நின்று, பந்தை அவர் வெட்டியதிலிருந்து இடது கால் அடி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். தோற்றுப்போன மனிதனை வைத்துப் பகிடி பண்ணியிருக்கிறாள் என்று நினைப்பாரே, இனி ஒரு பஸ்ஸிலும் இந்த மனுசனும் நானும் ஏறமாட்டோமே என்று பயந்தேன். அவர் என்னை ஏசவில்லை. வெளியே போகிற சேட்டை எடுத்துப் போட்டார். "வாரும், போவம்," என்றார்.

கிழவர் தலையணையில் சாய்ந்து, முகம் வழித்து, புதுச் சேட்டோடு இருந்தார். யாக்கோபுவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மகள் தட்டோடு நின்றாள். கட்டில் தலைமாட்டில் கொட்வினுக்கு வேர்த்துக் கொட்டியது.

"உன் வாயால் சொல்லு. எப்படி அடித்தாய்?"

யாக்கோபுவின் இத்தாலியன் என்னுடையதைவிட மோசம். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். ஒருவனை வெட்டினேன் என்றார். இரண்டாவது ஆளை வெட்டினேன் என்றார். நான் சொன்னபடியே சொல்லுகிறாரே என்று மூச்சு விட்டேன்.

"பிறகு அடிக்க முதல், கோட்டுப் பக்கம் பார்த்தேன்," என்றார். "எப்போதும் பார்ப்பேன். அங்கே என் மனுசி நின்று கத்துவாள். அவள் நிற்கிறாள் என்று கண்டால்தான் எனக்குக் கால் நிலத்தில் நிற்கும்."

பதினைந்து வருஷம் குடும்பம் நடத்திய மனுசன். அந்தச் சொல்லை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

கிழவர் நெற்றியைச் சுருக்கினார். "உன் மனைவி அன்றைக்கு என்னோடு இங்கே இருந்தாளே."

யாக்கோபு தன் மற்றக் கையையும் அவருடைய கைக்கு மேல் வைத்தார்.

"ஓம், சிஞ்ஞோர். பார்த்தேன், அங்கே ஆள் இல்லை. கோல் இல்லை. பெனல்டி. வெளியே அடித்துவிட்டேன்."

கிழவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிப்போய்விட்டேன். பிறகு அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று தெரியக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"அப்படியென்றால் மெசினாக்காரரை வெல்லவைத்தது நான்தான்," என்றார். "ஆளைப் பிடித்து வைத்திருந்தது நான்தானே. சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள். தோற்ற ஆட்களுக்கும் பசிக்கும்."

மகள் எல்லாருக்கும் நீட்டினாள். நானும் ஒன்றை எடுத்தேன். யாக்கோபு என் பக்கம் திரும்பாமலே, அந்த வீட்டாருக்கு விளங்காத தமிழில், மெல்லச் சொன்னார்.

"இஞ்சாரும், இனி மட்ச் நாளிலை ஒருத்தருக்கும் பதிலுக்கு நிக்காதையும்."

நான் வாய் நிறையக் கன்னோலியோடு, அத்தனை பேருக்கும் முன்னால், விக்கி விக்கி அழுதேன்.