மேடம் கையில் மஞ்சள் அட்டை

அந்தப் பன்னாட்டு இருமொழி உறைவிடப் பள்ளியில் திங்கள், செவ்வாய், புதன் தமிழ் நாட்கள். வியாழன், வெள்ளி, சனி ஆங்கில நாட்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மொழிக்கும் விடுமுறை. "இரண்டும் நம் இரு கண்கள்" என்று முதல்வர் மேடம் மேடை கிடைத்தபோதெல்லாம் சொல்வார். ஆனால் கண்ணாடி மாட்டியது ஒரு கண்ணுக்குத்தான். ஆங்கில நாளில் தமிழ் பேசினால் கழுத்தில் மஞ்சள் அட்டை விழும். தமிழ் நாட்களில் அதே அட்டை வார்டன் அறை அலமாரியில் ஓய்வெடுக்கும்.

அட்டை விழுந்தவள், தமிழ் பேசும் இன்னொருவரைப் பிடித்து அவர் தலையில் அதைக் கட்டிவிடலாம். ஆள் பிடிக்கத் தூண்டிலாகப் பேசும் தமிழ் மட்டும் கணக்கில் வராது. வெள்ளிக்கிழமை மாலை மணி அடிக்கும்போது அட்டை யாரிடம் இருக்கிறதோ, அவருக்குச் சனிக்கிழமை வெளியே போக அனுமதி கிடையாது. "இந்தச் சட்டம் என்னிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் பொது" என்று மேடம் அறிவித்தபோது பலத்த கைதட்டல். அன்றிலிருந்து தோட்டக்காரர் வாரத்தில் மூன்று நாள் ஊமை.

ஏழாம் வகுப்பில் ஒருத்திக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். தூக்கத்தில்கூடப் பேசுவாள். அந்த வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டுக் கூடத்தில் மேடம் அவள் தலையைத் தடவி, தேன் ஒழுகும் குரலில், "நல்லா தூங்கினியாம்மா?" என்று கேட்டார்.

"தூங்கினேன் மேடம்."

அட்டை விழுந்தது.

மற்ற வாரமாக இருந்தால் ரேடியோ அதைச் சங்கிலி மாதிரி போட்டுக்கொண்டு திரிந்திருப்பாள். ஆனால் மறுநாள் அப்பா வந்து அவளை வீட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. தம்பி பிறந்திருந்தான். போனில் அம்மா காட்டியபோதெல்லாம் போர்வையும் ஒரு கைமுஷ்டியும்தான் தெரிந்தன. இந்தச் சனிக்கிழமையை விட்டால் தேர்வு முடியும்வரை வீட்டுக்குப் போக வேறு நாள் இல்லை.

பகல் முழுக்க ஆள் பிடிக்க அலைந்தாள். வரிசையில் நின்ற அறைத்தோழியின் காலை மிதித்துப் பார்த்தாள். அவள் "ஐயோ!" என்று கத்தினாள். வழக்கு வார்டனிடம் போனது. வலிக்கு மொழி கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது.

அன்று மாலை அங்கீகாரக் குழு வருவதாக இருந்தது. பள்ளி உண்மையிலேயே பன்னாட்டுப் பள்ளிதானா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பவர்கள். அவர்களுக்காக அலுவலகக் கழிவறையைத் தேய்த்து, வாசனை தெளித்து, துண்டுகளை அன்னப்பறவை வடிவில் மடித்துவைத்துப் பூட்டியிருந்தார்கள். மேடமே உள்ளே போகக் கூடாது என்பது மேடமே போட்ட உத்தரவு. ஆகவே அவசரத்துக்கு அவர் மாணவிகள் விடுதிக்கு வந்து, ஆளில்லாத நேரம் பார்த்து, கோடிக் கழிவறைக்குள் நுழைந்தார்.

அந்தக் கதவு கீழே இறங்கிப்போன கதவு. கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தால்தான் திறக்கும். விடுதியில் எல்லோருக்கும் தெரியும். மேடம் மட்டும் விடுதியை விளம்பரப் படத்தில்தான் பார்த்திருந்தார்.

முகம் கழுவ வந்த ரேடியோவின் காதில் கதவு தட்டும் சத்தமும், "ஹலோ, ஹலோ" என்ற மேடத்தின் குரலும் விழுந்தன.

"மேடம்? மீ மேடம். செவன்த் பி."

உள்ளேயிருந்து ஆங்கிலம் கொட்டியது. கிளை விட்டுக் கிளை தாவும் நீண்ட வாக்கியங்கள், ஆண்டுவிழா ஆங்கிலம். ரேடியோவுக்கு அதில் 'டோர்' மட்டும் பிடிபட்டது.

"டோர் அப் மேடம்! அப், அப்! தென் புல்!"

"வாட்?"

"அப், மேடம்!"

தாழ்ப்பாள் இரண்டு தரம் கடகடத்தது. பிறகு தணிந்த குரல்: "ஏம்மா, கதவு திறக்க மாட்டேங்குது. என்ன பண்ணணும்னு தமிழ்லயே சொல்லும்மா."

அதே தேன். காலையில் குடித்த தேன்.

"நோ மேடம். டுடே ஃப்ரைடே."

"நான்தானே சொல்றேன், பரவால்ல, சொல்லு!"

"நோ மேடம். மார்னிங் ஆல்சோ யு ஆஸ்க்ட் லைக் திஸ்."

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

"அடியே, அந்த ஆளுங்க வந்துட்டாங்கடி! என் மானம் போகுதுடி! எப்படித் திறக்கிறதுன்னு சொல்லித் தொலைடி!"

இந்த 'டி' பொறியில் வைக்கிற தீனி இல்லை என்று ரேடியோவுக்குப் புரிந்தது. இது அடிவயிற்றுத் தமிழ். அடுத்த நொடியே இன்னொன்றும் புரிந்து, அவள் விரல் கழுத்து அட்டையைத் தொட்டது. பள்ளியைவிட்டே அனுப்பிவிடுவார்களோ? போர்வைக்கு வெளியே நீட்டிய அந்த முஷ்டி ஞாபகம் வந்தது. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கதவிடுக்கில் உள்ளே தள்ளினாள்.

"என்னடி இது?"

"யு ஸ்பீக் தமிழ், மேடம்."

சட்டம் போட்டவருக்குச் சட்டம் ஞாபகம் வரச் சற்று நேரம் பிடித்தது.

இனி ரேடியோவின் பாடுதான் திண்டாட்டம். வழியை ஒரு வார்த்தை தமிழில் சொன்னாலும் அட்டை அதே இடுக்கு வழியாகத் திரும்பி வரும். ஆங்கிலத்தில் சொன்னால் மேடத்துக்கு விளங்காது. சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு காகிதத்தையும் எடுத்தாள். கதவு, கைப்பிடி, மேல்நோக்கி ஒரு அம்பு, தாழ்ப்பாள், பக்கவாட்டில் இன்னொரு அம்பு. படம் எந்த நாள் கணக்கிலும் வராது. அதையும் உள்ளே தள்ளினாள்.

கதவு திறந்தது. வியர்வையில் நனைந்து, கையில் மஞ்சள் அட்டையோடு மேடம் வெளியே வர, விடுதியைப் பார்க்கலாம் என்று நேரே வந்துவிட்ட குழு எதிரே நின்றது. குழுத் தலைவர் அட்டையைப் பார்த்து, என்ன அது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மேடம் இமைக்கவில்லை. இது எங்கள் பள்ளியின் தலைமைப் பண்புப் பயிற்சி, பொறுப்பு கைமாறிக்கொண்டே இருக்கும், இன்று என் முறை என்றார். தலைவர் உருகிப்போனார். அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லிப் படமும் எடுத்துக்கொண்டார்.

மாலை மணிக்கு முன் சாப்பாட்டுக் கூடத்தில் மேடம் ஒவ்வொரு மேசையாகக் குனிந்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

"எஸ், மேடம்."

"உடம்பு எப்படி இருக்கு கண்ணு?"

"ஃபைன், தேங்க் யு மேடம்."

அந்தக் கூடத்தில் அவ்வளவு சுத்தமான ஆங்கிலம் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. மணி அடித்தது. முதல் வரிசையில் குழு உட்கார்ந்திருக்க, வார்டன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நோ அவுட்டிங், மேடம்" என்றார். மறுநாள் நகரத்து ஓட்டல் ஒன்றில் 'இருமொழிக் கல்வியின் முன்னோடி' என்று மேடத்துக்கு விருது கொடுப்பதாக இருந்தது.

காலையில் அறிவிப்புப் பலகையில் ஒரு திருத்தம் ஒட்டியிருந்தது: சனிக்கிழமை கைமாறினாலும் செல்லும். பட்டுப்புடவையும் அதன்மேல் மஞ்சள் அட்டையுமாக மேடம் வாசலருகே நின்றிருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு வந்த ரேடியோவின் கன்னத்தைத் தொட்டார்.

"தம்பி யார் ஜாடைம்மா?"

ஒரு வாரமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று அவள் ஏங்கிய கேள்வி. பார்க்காமலே முடிவுசெய்து வைத்திருந்த பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"ஐ வில் சீ அண்ட் டெல், மேடம்."

அழைத்துப்போக உள்ளே வந்திருந்த அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அவன் அப்படியே அவங்க அம்..."

மேடத்தின் கை அட்டைக்குப் போனது. ரேடியோ எம்பி அப்பாவின் வாயைப் பொத்தி, பையாலேயே முட்டி, அவரை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனாள். சாலையில் கால் வைத்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"இப்ப சொல்லுங்கப்பா" என்றாள். ஆனால் அவரை எங்கே சொல்ல விட்டாள்?