கைதட்டாத அரங்கம்

…அதற்காக ஒரு படத்தை இவ்வளவு பெரிதாகவா மாட்டுவார்கள், சுவர் முழுக்க நான், கிழிந்த பனியனோடு, சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் என் மகன் முழங்காலைக் கட்டிக்கொண்டு… நல்ல பனியனாகப் போட்டிருக்கலாம்தான், படம் எடுக்கப்போகிறாள் என்று யாருக்குத் தெரியும்? பஸ் ஓட்டிக் களைத்து வந்த மத்தியானம் அது, குக்கர் விசிலடித்தது, அவ்வளவுதான், போரிலிருந்து திரும்பிவந்திருந்த பிள்ளை தட்டைப் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். வாடா, வாடா என்று கெஞ்சி அலுத்து நானும் உள்ளே நுழைந்தேன், வேறென்ன செய்ய, ஆறடி ஆளைத் தூக்கவா முடியும்? அப்போதுதான் ‘க்ளிக்’. என் மகள், பத்திரிகைப் புகைப்படக்காரி. எனக்கு வந்ததே கோபம், “வீட்டு மானத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோறியா?” என்று கத்தினேன். மகன்தான் சொன்னான், “விடுங்கப்பா, எடுக்கட்டும். சண்டை முடிஞ்சிடுச்சுன்னு பேப்பர்ல போட்டாங்கல்ல, இதையும் போடட்டும்.” வீட்டுக்கு வந்த பிறகு அவன் பேசிய நீளமான பேச்சே அதுதான்.

போட்டார்கள். இன்றைக்கு அதற்குப் பரிசு, இந்தக் கண்காட்சி, எனக்குக் காலைக் கடிக்கும் புதுச் செருப்பு… யாரோ ஒரு பெண் தயங்கித் தயங்கி வருகிறாள், “இது நீங்கதானேங்க? எங்க வீட்டுக்காரரும் சண்டைக்குப் போய் வந்தவர்தான், பாத்ரூமுக்குள்ள போய்ப் பூட்டிக்குவாருங்க. நம்ம வீட்டுல மட்டும்தான் இப்படின்னு இருந்தேன்…” நான் படித்தவனா, பெரிய ஆறுதலாகச் சொல்ல? “கதவுக்கு வெளியில நீங்களும் உட்காருங்கம்மா. இடுப்புதான் வலிக்கும், பரவாயில்ல” என்றேன். சிரித்துக்கொண்டே அழுதாள். மானம் போகும் என்று பயந்தேனே, எங்கே போயிற்று அது? என் மகள் எடுத்த படமல்லவா இந்தப் பெண்ணை வீட்டை விட்டு வெளியே வரவைத்தது. மேடையில் என் மகள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் பரிசை வாங்கும் முன் மைக்கைப் பிடித்தாள், “ஒரே ஒரு வேண்டுகோள். யாரும் கைதட்டாதீங்க. எங்க அண்ணன் வந்திருக்கார்.” தட்டப்போன கைகள் அப்படியே நின்றன, பிறகு ஒவ்வொன்றாக உயர்ந்தன, அரங்கம் நிறையக் கைகள், ஒரு சத்தமில்லை. வாசலை ஒட்டி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகன் ஓடவில்லை, அவனும் கையைத் தூக்கினான். ஊரையே கூப்பிட்டு, என் பொண்ணு, என் பொண்ணு என்று கத்த வேண்டும்போல… கத்தினால் அவன் பயப்படுவானே, வாயைப் பொத்திக்கொண்டேன்.

நிருபர் ஒருவர் வந்தார், “உங்க மகள் குடும்பத்தோட இருக்கிற படம் ஒண்ணு குடுங்கய்யா, கட்டுரைக்கு.” அதற்கென்ன, செல்போனில் எத்தனையோ இருக்கிறது என்று தேடினேன். மகன் முடிவெட்டிக்கொள்கிறான், அவன் அம்மா அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடுகிறாள், அவன் வீடு திரும்பிய அன்று நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுகிறோம்… எல்லாம் அவள் எடுத்தது, ஒன்றிலும் அவள் இல்லை. அன்றைக்கு அவளும் அழுதிருப்பாள்தானே? அவளை யார் பிடித்துக்கொண்டார்கள்? “இருங்க தம்பி, பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்…