கவாத்து முடிந்த தோட்டம்

கவாத்துக்கு ஆள் அனுப்புகிறேன் என்று சார்லஸ் சொன்னபோதே அமலராணி சுதாரித்திருக்க வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரன் அவன். திண்டுக்கல்லில் பைக் ஷோரூம் வைத்திருக்கிறான். வாத்தியாராக இருந்த அப்பா உயிரோடிருந்தவரை தோட்டத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். அவர் செத்த மறு வருஷமே பாசம் பொத்துக்கொண்டு வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அமலராணிக்கு வந்தது நன்றிதான். அவளிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது.

வடமதுரை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒன்றரை ஏக்கர் மல்லி. வாத்தியார் வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு விட்ட நிலம். மகள் ஷைனி கைக்குழந்தையாக இருந்தபோது அமலராணியும் புருஷனும் வைத்த பதியன்கள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அடுப்பு எரிந்ததும், ஷைனி நர்சிங் படிப்பதும் அந்தப் பூவால்தான். தோட்டம் போனால் அவளுக்கு வேறு நாதி கிடையாது.

மல்லிக்கு மார்கழியில் கவாத்து. தண்ணீரை நிறுத்திக் காயப்போட்டு, முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட வேண்டும். பார்க்கிறவனுக்குச் செத்த செடி மாதிரி இருக்கும். வெட்டுக்காயம் ஆறியதும் தண்ணீர் காட்டினால் துளிர்த்து, மாசி பங்குனியில் பூத்துக் கொட்டும். அமலராணி எப்போதும் பாதித் தோட்டத்தை வெட்டி, அது துளிர்த்த பிறகுதான் மறுபாதியில் கத்தியை வைப்பாள். தோட்டம் முழுக்க மொட்டையாக நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது.

"எதுக்குக்கா ரெண்டு தடவ லோல்படுறீங்க? ஆளுக வருவாக, ஒரே நாள்ல முடிச்சிருவாக. கூலி என் பொறுப்பு," என்றான் சார்லஸ்.

வந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள். வெட்டிய கிளைகளை வரப்பில் போடாமல் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேலை என்றால் இப்படிச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மெச்சிக்கொண்டாள், பாவி மகள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு கார் வந்தது. இறங்கிய இளைஞன் தன் பெயர் முகேஷ்குமார் என்றான், ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னான். எந்த ஆபீஸ் என்று அவள் கேட்கவில்லை. காரில் வந்து இறங்குகிறவனிடம் அதைக் கேட்கிற தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசினான்.

"இப்ப பூ ஏதும் வருதாக்கா?"

"இல்ல சார்."

"தண்ணி பாய்ச்சுறீங்களா?"

"நிறுத்தியாச்சு சார். இப்ப பாய்ச்சக் கூடாது."

"ஒரு இலைகூட இல்லையே?"

"ஒண்ணும் இருக்காது சார்."

போதும் என்பதுபோல் செல்போனைச் சட்டைப்பையில் போட்டான். அதற்குப் பிறகு அவள் கவாத்தைப் பற்றி விலாவாரியாகச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, கொடுத்த மோரையும் குடித்துவிட்டுப் போனான்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொம்மையன், வார்டு மெம்பர். சில நாள் கழித்து வரப்பில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏத்தா, இந்த நெலத்த வீட்டுமனையா மாத்தச் சொல்லி சார்லஸு மனுக் குடுத்துருக்கான். வெள்ளாமையில்லாத தரிசுன்னு சொன்னாத்தான் மேல ஆபீசுல மாத்துவாகளாம். நாளைக்குப் பஞ்சாயத்துல தீர்மானம். வந்து பேசு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத."

அன்று அமலராணிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பஞ்சாயத்து ஆபீஸில் சார்லஸின் பக்கத்து நாற்காலியில் முகேஷ்குமார் உட்கார்ந்திருந்தான். மனை போடும் கம்பெனியின் ஆள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சுவரில் இருந்த டிவியில் மொட்டைத் தோட்டம் ஓடியது, வரப்பில் வெட்டிய கிளை ஒன்றுகூட இல்லாமல். பூ இல்லை, தண்ணீர் இல்லை, ஒண்ணும் இருக்காது என்று அவள் குரலே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"உன் குரல்தான ஆத்தா?" என்று கேட்டார் தலைவர் ஜக்கம்மாள்.

"என் குரல்தான். ஆனா அது கவாத்து மதினி! ஒங்களுக்குத் தெரியாதா?"

ஜக்கம்மாளின் வீட்டுக்குப் பின்னாலேயே மல்லிதான். அந்த அறையில் கவாத்து என்றால் என்னவென்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஒரு மனைப்பிரிவு வந்துவிட்டால் சுற்றியிருக்கும் தங்கள் நிலத்துக்கும் விலை ஏறும் என்பது தெரியாதவரும் ஒருவரும் இல்லை. ஜக்கம்மாள் மேஜையைப் பார்த்தார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாகப் பொம்மையனின் கையும் உயர்ந்தது.

அவள் வெளியே வந்தாள். முகேஷ்குமார் பின்னாலேயே வந்தான்.

"மாசியில வந்து பாருங்க சார். தரிசா, தோட்டமான்னு அப்பத் தெரியும்."

"மாசியில வருவோம்க்கா, மனைக்கல்லு நட. எங்க வீட்டுலயும் மல்லிதான், நெலக்கோட்டப் பக்கம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, அக்கறையோடு சொன்னான். "செடி பிடுங்க உங்களத்தான் கூப்பிடணும்னு சார்லஸண்ணன் சொல்லிருக்காரு. அதுவரைக்கும் தண்ணி காட்டிராதீங்க. துளிர்த்துட்டா உங்களுக்கு மனசு வராது."

தெரியாதவன் வந்து கேட்ட கேள்விகள் இல்லை அவை. எந்த வாரம் வர வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று மல்லிக்காரனுக்குத்தான் தெரியும். அவள் தோட்டத்துக்கு ஓடினாள்.

மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரை அழுத்தினாள், சத்தமே இல்லை. பெட்டியைத் திறந்தாள். பியூஸ் கட்டை மூன்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பொம்மையன் அவளுக்கு முன்னாலேயே டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்து, கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பை ஒட்டியே வாய்க்கால் ஓடியது. அமலராணி குடத்தை எடுத்துவந்து அதில் முக்கினாள். முதல் செடிக்கு ஊற்றினாள். திரும்பி வந்து முக்கினாள், அடுத்த செடிக்கு ஊற்றினாள். ஒன்றரை ஏக்கர் முழுக்கக் காய்ந்து கிடந்தது.

பொம்மையன் தோளில் மண்வெட்டியோடு நின்றார். வரப்பில் ஒரு வெட்டு வெட்டினால் போதும், தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிவிடும். அவர் அவளைத் தடுக்கவில்லை. மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.